பட்டாயா: காலையில் போய் இரவுக்குள் திரும்ப வழி கேட்கிறவர்களுக்கு

பாங்காக்கில் அறையை வைத்துக்கொண்டு, ஏஜென்ட் தயவில்லாமல், ஒரே நாளில் பட்டாயா போய்வர முடியுமா என்று வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். தொகைகள் எல்லாம் பாத் கணக்கில். ஒரு பாத்துக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு கையைக் கடிக்காது. கட்டணங்களில் ஐந்து, பத்து ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நண்பர்கள் நான்கு பேர் பாங்காக் போகிறோம். வாடகைக் கார் எடுக்காமல் பட்டாயாவை ஒரே நாளில் முடிக்க முடியாது என்கிறார் எங்கள் ஏஜென்ட். உண்மையா? — வாசகர், திருப்பூர்

அப்படிச் சொல்கிறவர் கார் வாடகையில் கமிஷன் பார்ப்பவராக இருப்பார். பாங்காக்கிலிருந்து பட்டாயா தென்கிழக்கே சுமார் 150 கி.மீ. நம் கணக்கில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிற தூரம்.

கிழக்குப் பேருந்து நிலையம் எக்கமாய் என்ற இடத்தில் இருக்கிறது. பி.டி.எஸ். மேம்பால ரயிலில் சுகும்வித் தடத்தில் ஏறி, எக்கமாய் ஸ்டேஷனில் இறங்கி, 2-ஆம் எண் வாசல் வழியாகப் படியிறங்கினால் நிலையம் பக்கத்திலேயே. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி கவுண்டர். ஏ.சி. பஸ், டிக்கெட் சுமார் 130 பாத், இருக்கை எண் டிக்கெட்டிலேயே இருக்கும். இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள், ஒரு துண்டு எடுத்துப் போங்கள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பதுதான் முக்கியம். எட்டு மணிக்குக் கிளம்பினால் பட்டாயா போய் வெயிலை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

பஸ் நிற்பது வடக்கு பட்டாயா சாலையில். கடற்கரை அங்கிருந்து இரண்டு கி.மீ. தள்ளி. இறங்கியதும் எல்லோரும் கடலைத் தேடி ஓடுவார்கள். நீங்கள் ஓடாமல், முதலில் கவுண்டருக்குப் போய் மாலை ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பயணம் கெடுவது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான். சனி, ஞாயிறு மாலைகளில் இருக்கைகள் தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் டாக்ஸி பேச வேண்டி வந்தால், அதுவரை மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஏழு மணி பஸ்ஸுக்கு ஆறரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்குப் படகுத்துறையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு, பட்டாயாவுக்கு எதிரே கடலில் இருக்கும் கோ லான் தீவிலிருந்து நான்கு மணிப் படகில் ஏற வேண்டும். இந்த நான்கு மணியை மணிக்கட்டிலேயே எழுதிக்கொண்டாலும் தப்பில்லை.

நிலையத்திலிருந்து பாலி ஹாய் படகுத்துறைக்கு சொங்தேவ் கிடைக்கும். பின்பக்கம் இரண்டு நீளப் பெஞ்சு போட்ட கருநீல பிக்கப் வண்டி அது. 'இரண்டு வரிசை' என்பதே பெயரின் பொருள். நிலையத்திலிருந்து ஆளுக்கு ஐம்பது பாத் போலக் கேட்பார்கள், ஆள் சேர்ந்ததும் எடுப்பார்கள்.

ஊருக்குள் ஓடும் சொங்தேவ் வேறு கணக்கு. கடற்கரைச் சாலை வடக்கிலிருந்து தெற்காக ஒருவழி, அதற்கு அடுத்த இரண்டாவது சாலை தெற்கிலிருந்து வடக்காக ஒருவழி. வண்டிகள் இந்த இரண்டிலும் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும், ஆள் இருக்கும் வண்டிக்குக் கை காட்டுங்கள். பேசாமல் ஏறுங்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூரையில் இருக்கும் மணிப் பொத்தானை அழுத்துங்கள். இறங்கி, முன்பக்கம் போய் டிரைவரிடம் பத்து பாத் கொடுங்கள். ஏறுவதற்கு முன் "எவ்வளவு?" என்று கேட்டால் வண்டி முழுவதையும் வாடகைக்குக் கேட்பதாக அர்த்தம். பத்து பாத் நூற்றைம்பது ஆகிவிடுவது அந்த ஒரு சொல்லால்தான். சும்மா நிற்கிற காலி வண்டியும் அதே ரகம். ஊருக்குத் தெற்கே ஜோம்தியன், வடக்கே நாக்லுவா பக்கம் போனால் இருபது கேட்பார்கள், அது நியாயம்தான். சில்லறை வைத்திருங்கள், ஆயிரம் பாத் நோட்டை நீட்டி மீதி கேட்காதீர்கள்.

படகுத்துறையில் "பெரிய படகு போயாச்சு, ஸ்பீட் போட் மட்டும்தான்" என்று சொல்வார்களாமே? — வாசகர், நாகர்கோவில்

சொல்வார்கள். கேட்டுக்கொண்டே நடங்கள். முகப்பில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்பீட் போட் ஆட்கள். இரண்டடுக்கு மரப்படகுகள் துறையின் உள்பக்கம் கட்டியிருக்கும், டிக்கெட்டும் அங்கேதான். கோ லான் தீவுக்கு முப்பது பாத். நம்மூர் டூர் நோட்டீஸில் 'கோரல் ஐலண்ட்' என்று போடுகிறார்களே, அந்தத் தீவுதான். கரையிலிருந்து ஏழு கி.மீ., படகில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம்.

படகு இரண்டு இடங்களுக்குப் போகிறது. தவேன் கடற்கரைக்கு வழக்கமாகக் காலை 8, 9, 11, பகல் 1 மணிக்கு. நா பான் என்ற மீனவக் கிராமத்துத் துறைக்கு 7, 10, 12, 2 என்று மாலை வரை. ஆறு மணி பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்பது மணி தவேன் படகைப் பிடிக்கலாம், கொஞ்சம் மூச்சிரைக்கும். தவறினால் பத்து மணி நா பான் படகு. திரும்பும்போது தவேனிலிருந்து கடைசிப் படகு மாலை ஐந்துக்கு, நா பானிலிருந்து ஆறுக்கு. துறையில் நேரப்பலகை இருக்கும். இறங்கியதும் அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீசனுக்குச் சீசன் அரை மணி முன்பின்னாகும்.

தவேனில் கூட்டம் திருவிழாதான். தீவின் மேற்குக் கரையில் இருக்கும் சமே, தியன் கடற்கரைகள் அதைவிட நன்றாக இருக்கும். துறையிலிருந்து தீவுக்குள் ஓடும் சொங்தேவில் இருபதிலிருந்து நாற்பது பாத். சாய்வு நாற்காலி நூறு பாத், கழிப்பறை பத்து இருபது, நல்ல தண்ணீரில் குளிக்க இன்னும் கொஞ்சம். குளிக்கும்போது மிதவைக் கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயே இருங்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஸ்பீட் போட்டுகளின் பாதை, அவர்களுக்குத் தண்ணீரில் தலை தெரியாது.

என் அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. தீவுக்கு அழைத்துப் போகலாமா? ஸ்பீட் போட் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே? — வாசகி, கும்பகோணம்

சீக்கிரம் போகும், ஆனால் அம்மாவுக்கு வேண்டாம். ஸ்பீட் போட்டின் முன்பாதி ஒவ்வொரு அலைக்கும் எழும்பித் தண்ணீரில் அறைந்து விழும். அந்த அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது. கர்ப்பிணிகளையும் இடுப்புவலிக்காரர்களையும் அதில் உட்காரவைக்கவே கூடாது. கரை சேர்ந்தாலும் தொல்லை தீராது. துறை இல்லாத கடற்கரைகளில் படகின் ஏணியில் இறங்கி முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்துதான் மணலுக்குப் போக வேண்டும்.

மரப்படகில், அதிலும் நா பான் போகும் படகில் அழைத்துப் போங்கள். அங்கே கான்கிரீட் துறை இருக்கிறது. கீழ்த்தட்டில் நடுப்பகுதியில் உட்காரவையுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. டீசல் வாடை வரும், குமட்டல் உள்ளவர்களுக்கு மாத்திரையைப் படகேறுவதற்கு முக்கால் மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். படகு ஆடத் தொடங்கியபின் கொடுத்தால் அது வேலை செய்வதற்குள் தீவே வந்துவிடும். படகுக்கும் துறைக்கும் இடையே ஓரடி இடைவெளி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஊழியர் கை கொடுப்பார், ஆனால் அவசரப்படுத்தவும் செய்வார். கடைசியாக இறங்குங்கள். சொங்தேவின் பின்படி உயரம் அதிகம், டிரைவர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

தீவு, 'சத்திய சரணாலயம்' மரக்கோயில், நாங் நூச் தோட்டம், பெரிய புத்தர், மாலையில் ஒரு ஷோ. இதுதான் எங்கள் திட்டம். நேரம் போதுமா? — வாசகர், சேலம்

மூன்று நாளுக்குப் போதும்.

ஒரு நாளில் தீவு அல்லது ஊர், இரண்டில் ஒன்றுதான். கடலில் குளித்தே ஆக வேண்டும் என்றால் தீவு. பட்டாயாவின் சொந்தக் கடற்கரை குளிக்கத் தோதில்லை. மணல் அரித்துப்போய் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது, பெருமழைக்கு ஊர்த் தண்ணீர் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது.

குளியல் முக்கியமில்லை என்றால் தீவை விட்டுவிட்டு நேரே நாக்லுவா போங்கள். 'உப்பு வயல்' என்பது பெயரின் பொருள், உப்பளம் இருந்த இடம். நீங்கள் கேட்ட சத்திய சரணாலயம் அங்கேதான். கடலோரத்தில் நிற்கிற அந்த மர மாளிகை நூறு மீட்டருக்கு மேல் உயரம். லெக் விரியபந்த் என்ற தாய்லாந்துத் தொழிலதிபர் 1981-இல் தொடங்கியது. அவர் 2000-இல் காலமாகிவிட்டார், வேலை இன்னும் நடக்கிறது. உள்ளே போகும்போது தலைக்கவசம் கொடுப்பது அதனால்தான். நான்கு சிறகுகள்: தாய்லாந்து, கம்போடியா, சீனா, இந்தியா என்று நான்கு மரபுச் சிற்பங்கள். நம் ஆட்கள் மும்மூர்த்திகளைத் தேடிக் கண்டுபிடித்து செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைவிடப் பார்க்க வேண்டியது கடலைப் பார்த்த சுவர். உப்புக்காற்றில் மரம் சாம்பல் நிறமாகி, முகங்கள் தேய்ந்துபோயிருக்கும். நடுவில் நேற்றுச் செதுக்கி வைத்தது போல ஒரு கை மட்டும் மஞ்சளாகத் தெரியும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் இற்றுப்போகிற கட்டடம் அது. உளி பிடிக்கிறவர்களைப் பட்டறையிலேயே நின்று பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

அங்கே இரண்டரை மணி நேரம். மதியம் டால்ஃபின் ரவுண்டானா அருகே டெர்மினல் 21 மாலின் உணவுக்கூடத்தில் சாப்பாடு. கவுண்டரில் பணம் கட்டி அட்டை வாங்கி, கடைகளில் தேய்த்து, மீதியை அன்றே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தெருக்கடை விலைக்கே கிடைக்கும், கழிப்பறையும் சுத்தம். மாலை பிரதும்னாக் குன்றில் 18 மீட்டர் உயரப் பெரிய புத்தர், பக்கத்துக் காட்சிமுனையிலிருந்து பிறைநிலவு போல் வளைந்த கரை. பட்டாயா மேற்குப் பார்த்த ஊர் என்பதால் மெரினாவில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: கடலில் விழுகிற சூரியன்.

நாங் நூச் தோட்டம் ஊருக்குத் தெற்கே பதினைந்து கி.மீ.க்கும் மேல். அதற்கு மட்டும் அரை நாள் போய்விடும். ஷோ பார்க்க ஆசைப்பட்டால் ராத்தங்கிவிடுங்கள்.

ரயில் உண்டா? — வாசகர், விருதுநகர்

உண்டு. வார நாட்களில் ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து காலை ஏழுக்குச் சற்று முன் கிளம்பும் மூன்றாம் வகுப்பு ரயில், 31 பாத். ஜன்னல் காற்றும் வயல்வெளியும் சுகம். ஆனால் பத்தரைக்கு மேல்தான் போய்ச் சேரும், திரும்பும் வண்டி பிற்பகல் இரண்டரைக்கு முன்பே போய்விடும். நிலையமும் கடலிலிருந்து எட்டத்தில். ரயில் ரசிகர்கள் போகும்போது மட்டும் ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் போனால் மழை கெடுத்துவிடுமா? ஏப்ரல் பள்ளி விடுமுறை பரவாயில்லையா? — வாசகி, கோவை

'பட்டாயா' என்ற சொல்லே ஒரு காற்றின் பெயர். மழைக்காலத் தொடக்கத்தில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வீசுகிற காற்று. நம் மீனவர்கள் கச்சான், சோளகம் என்று பெயர் வைத்தது போல அங்கேயும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், செப்டம்பர், அக்டோபரில் கனமாகப் பெய்யும். ஆகஸ்டில் நாள் முழுக்கக் கொட்டுவது அபூர்வம், பிற்பகலில் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓயும். தொல்லை மழையில் இல்லை, அந்தக் காற்றில் இருக்கிறது. சமே, தியன் கடற்கரைகள் மேற்கே பார்த்தவை, காற்று நேரே வந்து மோதும், அலை புரளும், தண்ணீர் கலங்கும், ஜெல்லி மீனும் அந்தக் காலத்தில்தான் ஒதுங்கும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், வினிகர் கேளுங்கள். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அதே மேற்குக் கரை குளம் போலக் கிடக்கும். தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் அந்த மாதங்கள்தான்.

ஏப்ரலில் வெயில் கொளுத்தும். தவிர, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி 13 முதல் 15 வரை அவர்களுக்கு சொங்கிரான் புத்தாண்டு. ஊரெல்லாம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். மற்ற ஊர்களில் ஓய்ந்த பிறகும் பட்டாயாவில் ஓயாது, 19-ஆம் தேதி 'வான் லாய்' என்று பெரிய கூத்தே அன்றுதான். அந்த வாரத்தில் பஸ்ஸும் நகராது, போனும் பிழைக்காது. நனைய ஆசை இருந்தால் போகலாம், கடிகாரம் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஆகாது.

எந்த மாதமானாலும் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஞாயிறு மாலை பாங்காக்காரர்கள் மொத்தமாக ஊர் திரும்புவதால் இரண்டு மணிப் பயணம் மூன்றரை ஆகிவிடும்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். அங்கே பட்டினிதானா? — வாசகி, மயிலாடுதுறை

பட்டினி இல்லை, ஆனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பினால் மீன் சாறு சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். இறைச்சித் துண்டு இல்லையென்றால் சைவம் என்பது பல கடைக்காரர்களின் கணக்கு. 'நாம் ப்ளா' என்ற மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி, அதைப் போட்டதாகவே நினைக்க மாட்டார்கள். சிப்பிச் சாறும் அப்படியே.

சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. சீன பௌத்த வழியில் வந்த விரத உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, பூண்டு, வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலத் தெரியும். அந்தப் பதினேழைப் பார்த்தால் யோசிக்காமல் நுழையலாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் ஜே திருவிழா, பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி வரும். அப்போது நாக்லுவாவில் வீதியெங்கும் பதினேழுதான்.

வாய்ச்சொல்லை நம்பாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தாய்லாந்து மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் உள்ள வித்தியாசம், முதல் எழுத்தில் இருக்கும் மூச்சு மட்டும்தான். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'கை' என்றுதான் எழுத வேண்டும். முட்டை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கோழி வேண்டாம் என்று புரிந்துகொண்டு, முட்டை போட்டே வறுத்துத் தருவார்கள். வேண்டாதவற்றைத் தாய்லாந்து எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள்.

பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் தூவுவார்கள். தூவாமல் தரச் சொன்னாலும் நண்டு இடித்த அதே மர உரலில்தான் இடிப்பார்கள். வட்ட வட்டமாக, வழவழவென்று இருக்கும் மஞ்சள் டோஃபுவில் முட்டை உண்டு, வெள்ளைக் கட்டிதான் சோயா மட்டும். மாம்பழம் வைத்த தேங்காய்ப்பால் ஒட்டரிசிச் சாதம், சுட்ட வாழைப்பழம், சோளக்கதிர், இளநீர் இவற்றுக்குப் பயமில்லை. தெற்கு பட்டாயாவில் இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன, தீவில்தான் தட்டுப்பாடு. தீவுக்குப் போகிற நாளில் கையில் புளியோதரையோ சப்பாத்தியோ இருந்தால் கவலை விட்டது.

ஜெட் ஸ்கீ ஓட்டலாமா? — வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். ஓட்டி முடித்துக் கரை சேர்ந்ததும் அடிப்பாகத்தில் ஒரு கீறலைக் காட்டிப் பல ஆயிரம் பாத் கேட்பது பழைய வித்தை. கீறல் முன்பே இருந்தது, தண்ணீருக்குக் கீழே இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. மாவு பூசி மறைத்திருந்ததும் உண்டு. எல்லோரும் அப்படியில்லை, ஆனால் யார் அப்படி என்பது நெற்றியில் எழுதியிருக்காது. ஓட்டியே தீருவேன் என்றால், வண்டியை மணலுக்கு இழுத்துவந்து அடிப்பாகம் உட்பட, வாடகைக்காரர் முகமும் தெரிய, வீடியோ எடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்கவே கூடாது. தகராறு வந்தால் சுற்றுலா போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். அந்த எண்ணை அழுத்துவதைப் பார்த்ததுமே பல கீறல்கள் சிறியதாகிவிடும்.

தீவில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்குமாமே, இந்திய லைசென்ஸ் போதுமா? — வாசகர், மதுரை

கிடைக்கும், ஒரு நாளைக்கு 200 முதல் 300 பாத். லைசென்ஸ் கேட்காமலே கொடுப்பார்கள், அதற்காக அது போதும் என்று ஆகிவிடாது. சட்டப்படி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. வழியாகப் படிவம் 4ஏ கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கலாம். உங்கள் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் அனுமதியிலும் கார் மட்டும்தான் வரும், ஸ்கூட்டருக்கு அது செல்லாது. விழுந்து எலும்பு முறிந்தால் பயண இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். தீவுச் சாலைகள் செங்குத்து, வளைவுகளில் மணல் படிந்திருக்கும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பேரை ஏற்றி முதல்முறை ஓட்டுகிறவர்கள் நாற்பது பாத் கொடுத்து சொங்தேவிலேயே போங்கள்.

எட்டுப் பேர் போகிறோம். கடற்கரையில் ரம்மி ஆடினால் ஏதும் சொல்வார்களா? — வாசகர், கரூர்

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற கேள்வியில்லை. தாய்லாந்தின் சீட்டுக்கட்டுச் சட்டம் 1935-ஆம் ஆண்டது. அனுமதியில்லாமல் ஒருவர் 120 சீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2016 பிப்ரவரியில் பட்டாயாவில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டு முதியவர்கள் 32 பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது உலகச் செய்தியானது. ஜோக்கரோடு சேர்த்து இரண்டு கட்டு 108, தப்பித்தீர்கள். எட்டுப் பேர் ரம்மிக்கு மூன்று கட்டு வேண்டும், 162 ஆகிவிடும். காசு வைத்து ஆடினால் ஒரு கட்டே போதும், சூதாட்ட வழக்கு. சீட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கூடவே, மின்சிகரெட் இருந்தால் அதையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள், அதை நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம்.

குடும்பத்தோடு போகிற ஊரா அது? — வாசகி, திருநெல்வேலி

பகலில், ஆம். கடற்கரைச் சாலை முடிந்து பாலி ஹாய் துறைக்குப் போகிற பத்து நிமிட நடைதான் பேர்போன வாக்கிங் ஸ்ட்ரீட். காலை எட்டரைக்கு அங்கே ராத்திரிக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், ஐஸ் வண்டி நிற்கும், மற்றதெல்லாம் இழுத்து மூடிய ஷட்டர்கள். விளக்கு எரியத் தொடங்குகிற நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள்.

உடைக்கு ஒரு வார்த்தை. ஜீன்ஸோடும் பருத்திச் சுடிதாரோடும் கடலில் இறங்கினால் ஈரம் நாள் முழுக்கக் காயாது, உப்பும் மணலும் சேர்ந்து தொடையை அறுத்துவிடும். முழுக்கை நைலான் டீ-ஷர்ட், லெகிங்ஸ் போட்டுக் குளிக்கிற தாய்லாந்துப் பெண்களும் உண்டு, யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் ஏ.சி. இருப்பதை மறக்காமல் ஒரு செட் உலர்ந்த துணி எடுத்துப் போங்கள்.

சிட்னி போகும் வழியில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் 11 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பட்டாயாவைப் பார்த்துவிடலாமா? — வாசகர், யாழ்ப்பாணம்

விமான நிலையத்தின் தரைத்தளத்திலிருந்தே ஜோம்தியன் வரை நேரடி பஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். குடிவரவு வரிசையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுமாக ஒன்றரை மணி, போக இரண்டு, வர இரண்டு, விமானத்துக்கு மூன்று மணி முன்பு. மீதி இரண்டரை மணி நேரம். அதில் தீவுக்குப் போக முடியாது, ஊரும் பாதிதான்.

அதற்குப் பதில் சமுத் பிரகான் போங்கள், டாக்ஸியில் ஒரு மணி நேரத்துக்குள். மர மாளிகை கட்டிய அதே லெக் விரியபந்த் அமைத்த 'முவாங் போரான்' அங்கே இருக்கிறது. தாய்லாந்தின் பழம்பெரும் கட்டடங்களைச் சிறிதாக்கி வைத்த பெரிய திறந்தவெளி அருங்காட்சியகம். சைக்கிளில் சுற்றலாம்.

எங்கே போனாலும் வெளியே வர வருகைப் படிவம் வேண்டும். 2025 மே 1 முதல் அது இணையத்தில்தான், தரையிறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் போலி என்று மூடிவிடுங்கள்.

கடைசிப் படகை விட்டுவிட்டால்? — வாசகர், ஈரோடு

தவேனில் ஐந்து மணிப் படகை விட்டால் பதறாமல் சொங்தேவ் பிடித்து நா பான் போங்கள், ஆறு மணிப் படகு இருக்கும். அதையும் விட்டால், வெளிச்சம் இருக்கும்வரை மட்டும் ஸ்பீட் போட் பேசலாம். முழுப்படகு வாடகை இரண்டாயிரம் பாத்துக்குக் குறையாது, உங்களைப் போலவே விட்டவர்கள் நாலைந்து பேர் துறையில் நிற்பார்கள், சேர்ந்து பேசுங்கள். இருட்டிவிட்டால் கிளம்ப வேண்டாம். நா பான் கிராமத்தில் சிறிய விடுதிகள் நிறைய இருக்கின்றன, பாஸ்போர்ட்டைக் காட்டினால் அறை கிடைக்கும். அதனால் பாஸ்போர்ட்டைப் பாங்காக் அறையில் வைத்துவிட்டு வராமல், தண்ணீர் புகாத உறையில் போட்டு இடுப்பிலேயே வைத்திருங்கள். காலை ஆறரை மணிக்கு முதல் படகு.